முதல் வானொலிக் கட்டுப்பாட்டு டிரக்கைத் தேர்ந்தெடுத்தல்

வானொலிக் கட்டுப்பாட்டு டிரக் என்பது, கையில் பிடித்துள்ள அனுப்பியிலிருந்து வரும் வானொலி அலைகளைக் கொண்டு இயங்கும் சிறிய மாதிரி வண்டி ஆகும். பேச்சு வழக்கில் இது ஆர்.சி. டிரக் எனப்படுகிறது. லாரி, பிக்கப், ஜீப், பெரிய சக்கரம் கொண்ட மான்ஸ்டர் டிரக் எனப் பல வடிவங்களில் இவை கிடைக்கின்றன. குறைந்த பணத்தில் முதல் வண்டி வாங்கும் மாணவர் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. நாமக்கல் மாவட்டத்தில் கொல்லிமலை அடிவாரத்தில் உள்ள காரவள்ளியின் நிலம் எடுத்துக்காட்டாகக் கொள்ளப்பட்டுள்ளது. சமவெளியும் மலைச்சரிவும் சந்திக்கும் இடம் என்பதால், எந்த வண்டி எந்த நிலத்துக்குப் பொருந்தும் என்பதை இங்கு எளிதாக விளக்க முடிகிறது.

பொம்மைத் தரமும் பொழுதுபோக்குத் தரமும்

ஆர்.சி. வண்டிகளைப் பொம்மைத் தரம், பொழுதுபோக்குத் தரம் என இரண்டாகப் பிரிக்கலாம். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கலாம். வேறுபாடு உள்ளே இருக்கிறது.

பொம்மைத் தர வண்டியில் எல்லா மின்னணுப் பகுதிகளும் ஒரே பலகையில் பற்றவைக்கப்பட்டிருக்கும். ஒன்று பழுதானால் முழு வண்டியும் நின்றுவிடும். உதிரி பாகம் கடையில் கிடைக்காது. பெரும்பாலானவற்றில் திருப்பம் என்றால் முழுத் திருப்பம், ஓட்டம் என்றால் முழு வேகம், நடுநிலை இல்லை.

பொழுதுபோக்குத் தர வண்டியில் பின்வரும் பகுதிகள் தனித்தனியாக இருக்கும்:

- மோட்டார்
- வேகக் கட்டுப்படுத்தி
- திருப்பும் சர்வோ
- அலைவாங்கி
- மின்கலம்
- பற்சக்கரப் பெட்டியும் அச்சுகளும்

ஒவ்வொன்றையும் திருகு கழற்றி மாற்றலாம். விசையை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் கிடைக்கும். நாமக்கல் பகுதி மக்களுக்கு இந்தக் கருத்து புதிதல்ல. லாரி பாடி கட்டும் தொழிலுக்குப் பெயர் பெற்ற ஊர் அது. தொழிற்சாலையிலிருந்து வரும் சேஸின்மேல் கேபினும் சரக்குப் பெட்டியும் பட்டறையில் கட்டப்படுகின்றன. பற்சக்கரம் தேய்ந்தது என்பதற்காக யாரும் லாரியைத் தூக்கி எறிவதில்லை. பொழுதுபோக்குத் தரம் என்பதன் பொருளும் இதுவே: பழுது பார்க்க முடியும் என்பதுதான் அதன் முதல் தகுதி. வேகமும் தோற்றமும் அதற்குப் பின்னரே.

சுருக்கமான வரலாறு

ஜப்பானின் ஷிசுவோகாவைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1976இல் தன் முதல் ஆர்.சி. காரான போர்ஷே 934ஐ வெளியிட்டது. பாகங்களாக வாங்கி வீட்டில் பூட்டும் பழக்கத்தை இவ்வகை வண்டிகள் பரப்பின. அதே நிறுவனம் பின்னர் 1/14 அளவில் சரக்கு லாரி மாதிரிகளையும் கொண்டுவந்தது. அமெரிக்காவின் டிராக்சஸ் நிறுவனம் பூட்டிய நிலையிலேயே ஓட்டத் தயாரான வண்டிகளை விற்றுப் பெயர் பெற்றது. அதன் ஸ்லாஷ் டிரக் 2008இல் வந்தது. சீனத்தின் டபிள்யூ.பி.எல்., எம்.என். போன்ற நிறுவனங்களின் சிறிய டிரக்குகள் விலையைப் பெரிதும் குறைத்தன.

பழைய வண்டிகள் 27 மெகாஹெர்ட்ஸ் போன்ற அலைவரிசைகளில் இயங்கின. ஒரே அலைவரிசையில் இருவர் ஓட்டினால் ஒருவர் வண்டி மற்றவர் கட்டளைக்கு ஆடும். இன்று 2.4 கிகாஹெர்ட்ஸ் முறையில் அனுப்பியும் அலைவாங்கியும் இணையாகப் பிணைக்கப்படுவதால் பலர் ஒரே இடத்தில் ஓட்டலாம். இந்தியாவில் 2400 முதல் 2483.5 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் குறைந்த ஆற்றல் கருவிகளைப் பயன்படுத்த 2005 முதல் தனி உரிமம் தேவையில்லை.

நிலத்துக்கு ஏற்ற வண்டி

எந்த வண்டி நல்லது என்று கேட்பதற்கு முன், எங்கே ஓட்டப்போகிறோம் என்று கேட்க வேண்டும். முதல் வண்டிக்கு இரண்டு வகைகளே பெரும்பாலும் பொருந்தும்.

பேஷர்: வேகமாக ஓடி, மேடு பள்ளத்தில் குதித்து விழும் வண்டி. பள்ளி மைதானம், அறுவடை முடிந்த வயல், மண் திடல் போன்ற திறந்த சமவெளிக்கு ஏற்றது.

கிராலர்: நடைவேகத்தில் பாறை மேல் ஏறி இறங்கும் நான்கு சக்கர இழுவை வண்டி. கற்கள், வேர்கள், ஓடைப்படுகை, சரிவு ஆகியவற்றுக்கு ஏற்றது.

காரவள்ளியிலிருந்து சமவெளிப் பக்கம் இறங்கினால் பேஷருக்கான இடம் உண்டு. மலைப்பக்கம் திரும்பினால் கல்லும் சரிவும்தான். அங்கு பேஷர் ஓட்டுபவர் பாதி நேரத்தை உருண்ட வண்டியை எடுத்து வருவதில் செலவிடுவார். பற்களும் விரைவில் உடையும். இடம் குறுகலாக இருந்தால் கிராலரே மேல். நான்கு பாறைகளும் ஒரு மரவேரும் உள்ள வீட்டுப் பின்புறமே அதற்குப் போதும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்சக்கர விகிதம் விளக்கும். மோட்டார் நிமிடத்துக்கு 20,000 சுற்று சுற்றுகிறது, சக்கரத்தின் விட்டம் 10 செ.மீ. எனக் கொள்வோம். சக்கரச் சுற்றளவு ஏறத்தாழ 31.4 செ.மீ.

- விகிதம் 10:1 எனில் சக்கரம் 2,000 சுற்று சுற்றும். வேகம் மணிக்கு சுமார் 38 கி.மீ.
- விகிதம் 40:1 எனில் சக்கரம் 500 சுற்று சுற்றும். வேகம் மணிக்கு சுமார் 9.4 கி.மீ.

வேகம் நான்கில் ஒரு பங்காகும்போது, உராய்வு இழப்பை விட்டுவிட்டால், சக்கரத்தின் முறுக்குவிசை நான்கு மடங்காகிறது. மலையேறும் லாரி முதல் கியருக்கு மாறுவதும் இதே காரணத்தால்தான்.

சரிவில் நிற்பதும் கவிழ்வதும்

ஏறுவதைவிட இறங்குவது கடினம். மலைப்பாதையில் ஓட்டுநர் இறங்கும்போதும் தாழ்ந்த கியரிலேயே வண்டியைப் பிடித்து வருவார். கிராலரில் இந்த வேலையை வேகக் கட்டுப்படுத்தி செய்கிறது. விசையை விட்டவுடன் அது மோட்டாரின் இரு முனைகளையும் இணைத்துவிடும். அப்போது சுழலும் மோட்டார் மின்னாக்கியாக மாறித் தன் சுழற்சியைத் தானே தடுக்கும். இது இழுவைத் தடுப்பு எனப்படுகிறது. மலைப்பகுதியில் ஓட்ட வாங்குபவர், வண்டியின் வேகக் கட்டுப்படுத்தியில் இந்த வசதி உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் விசையை விட்டதும் வண்டி உருண்டோடிவிடும்.

பக்கவாட்டுச் சாய்வில் கவிழும் கோணத்தையும் கணக்கிடலாம். இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை, தரையிலிருந்து எடைமையத்தின் உயரத்தால் வகுத்தால் அக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பு கிடைக்கும். பாதி அகலம் 8 செ.மீ., எடைமைய உயரம் 8 செ.மீ. எனில் கோணம் 45 பாகை. உயரத்தை 6 செ.மீ. ஆக்கினால் 53 பாகை. கூரைமேல் அலங்காரச் சாமான் ஏற்றி 10 செ.மீ. ஆக்கினால் 39 பாகைதான். மின்கலத்தைத் தாழ்வாக வைப்பதும், சக்கரத்துக்குள் எடை சேர்ப்பதும் செலவில்லாத மேம்பாடுகள்.

அளவு விகிதம்

1/10 என்றால் அசல் வண்டியின் பத்தில் ஒரு பங்கு. அசலில் 9 மீட்டர் நீளமுள்ள லாரி 1/10 அளவில் 90 செ.மீ., 1/14 அளவில் சுமார் 64 செ.மீ., 1/24 அளவில் சுமார் 37 செ.மீ. இருக்கும். முதல் வண்டிக்கான பொதுவான தேர்வுகள் இவை:

- 1/24, 1/18: விலை குறைவு, வீட்டுக்குள்ளும் ஓட்டலாம். சிறிய கல்லே பெரிய பாறையாகும். கையில் பிடித்துப் பழுது பார்க்க நுண்ணிய திருகுகள் தொல்லை தரும். டிராக்சஸின் டி.ஆர்.எக்ஸ்.-4எம் (2022) 1/18 அளவைச் சேர்ந்தது.
- 1/16, 1/12: டபிள்யூ.பி.எல்., எம்.என். வண்டிகள் பல இந்த அளவுகளில் உள்ளன. விலைக்கு நல்ல உடல். ஆனால் டபிள்யூ.பி.எல். இராணுவ டிரக்குகள் போன்றவற்றில் அலைவாங்கியும் வேகக் கட்டுப்படுத்தியும் ஒரே பலகையில் இருப்பதால், இவை இரு தரங்களுக்கும் இடைப்பட்டவை. பலகை பழுதானால் தனிப் பாகங்களை வாங்கிப் பொருத்தலாம். அதற்கும் பணம் ஒதுக்க வேண்டும். அந்த டிரக்குகளில் லாரியில் உள்ளதுபோல் பட்டை வில்கள் இருப்பதும், மின்னணுப் பாகம் இல்லாத பூட்டும் தொகுப்பாகக் கிடைப்பதும் கற்பவர்களுக்கு நல்வாய்ப்பு.
- 1/10: பாகங்கள் மிக அதிகமாகக் கிடைக்கும் அளவு. சக்கரத்தைப் பூட்டும் 12 மி.மீ. அறுகோணம் பல நிறுவனங்களுக்குப் பொதுவானது. விலை கூடுதல்.

மோட்டார்

கார்பன் தூரிகை உள்ள மோட்டாரே முதல் வண்டிக்குப் போதும். விலை குறைவு, கட்டுப்படுத்தியும் எளிது, மெதுவான வேகத்தில் சீராக ஓடும். தூரிகையற்ற மோட்டார் வேகம் தரும்; ஆனால் அந்த வேகத்தைத் தாங்கப் பற்சக்கரம், அச்சு, மின்கலம் எல்லாமே உயர்தரமாக இருக்க வேண்டும். ஒன்றை உயர்த்தினால் மற்றவை வரிசையாக உடையத் தொடங்கும். தொடக்கநிலையில் செலவு கைமீறுவது பெரும்பாலும் இங்கேதான்.

மின்கலமும் பாதுகாப்பும்

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, லித்தியம் பாலிமர் என இரண்டு வகை மின்கலங்கள் பரவலாக உள்ளன. முதலாவதில் 1.2 வோல்ட் கலங்கள் ஆறு சேர்ந்து 7.2 வோல்ட் தரும். எடை கூடுதல்; ஆனால் சிறு கவனக்குறைவைப் பொறுத்துக்கொள்ளும். இரண்டாவதில் 3.7 வோல்ட் கலங்கள் இரண்டு சேர்ந்து 7.4 வோல்ட் தரும். இது எடை குறைந்தது, ஆற்றல் மிக்கது, தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கக் கூடியது.

லித்தியம் பாலிமர் வாங்குபவர் பின்பற்ற வேண்டியவை:

- ஒவ்வொரு கலத்தையும் சமன்படுத்தும் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.
- ஒரு கலம் 4.2 வோல்ட்டுக்கு மேலும் 3 வோல்ட்டுக்குக் கீழும் போகக் கூடாது.
- 2,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்தை 2 ஆம்பியரில் சார்ஜ் செய்வது பாதுகாப்பானது.
- பல நாள் ஓட்டாவிட்டால் கலத்துக்குச் சுமார் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும்.
- உப்பிய மின்கலத்தை மீண்டும் பயன்படுத்தக் கூடாது.
- படுக்கை, பாய், துணி அருகில் சார்ஜ் போடக் கூடாது. சார்ஜ் போட்டுவிட்டு உறங்கக் கூடாது. உச்சி வெயிலில் தகரக் கூரையின் கீழோ மூடிய காரிலோ வைக்கக் கூடாது.

வீட்டில் பெரியவர் துணையில்லாமல் சார்ஜ் போடும் நிலையில் உள்ள மாணவருக்கு நிக்கல் வகையே ஏற்றது.

ஓட்ட நேரத்தையும் கணக்கிடலாம். 2,000 மில்லி ஆம்பியர் மணி மின்கலத்திலிருந்து சராசரியாக 8 ஆம்பியர் இழுக்கும் பேஷர் 15 நிமிடம் ஓடும். 2 ஆம்பியர் இழுக்கும் கிராலர் ஒரு மணி நேரம் ஓடும். ஒரே மின்கலம் மட்டும் வாங்க முடிந்தவருக்கு இது முக்கியமான வேறுபாடு.

பணத்தைப் பிரித்தல்

கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிட்டால், முதல் பற்சக்கரம் உடையும் நாளில் வண்டி அலமாரிக்குப் போய்விடும். மூன்றில் ஒரு பங்கை ஒதுக்கி வைப்பது நல்லது. எடுத்துக்காட்டாக ₹12,000 இருந்தால்:

- வண்டி: ₹8,000
- சார்ஜரும் கூடுதல் மின்கலமும்: ₹2,200
- உதிரி பாகங்கள்: ₹1,000
- கருவிகள்: ₹800

உதிரி பாகங்களில் முதலில் வேண்டியவை சர்வோ, மோட்டார் முனைப் பற்சக்கரம், அச்சுத் தண்டு ஆகியவை. கருவிகளில் 1.5, 2, 2.5 மி.மீ. அல்லன் கீகளும், 1/10 வண்டியானால் 7 மி.மீ. சக்கர நட்டு ஸ்பேனரும் போதும். சிறிய பேரிங்குகள் அளவு பொறித்தே விற்கப்படுவதால், உள், வெளி விட்டங்களையும் தடிமனையும் அளந்து சொன்னால் பேரிங் கடையிலும் கேட்கலாம். சரக்குப் பெட்டிக்குத் தனியாகச் செலவழிக்கத் தேவையில்லை. அட்டை, ஐஸ் குச்சி, நுரைப் பலகை கொண்டு நாமக்கல் லாரி பாடியையே கட்டி வண்ணம் தீட்டலாம்.

இந்தியாவில் வாங்கும்போது

பொம்மைகளுக்கான அடிப்படைச் சுங்கவரி 2020இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 ஆகவும், 2023இல் 70 ஆகவும் உயர்த்தப்பட்டது. வெளிநாட்டு இணையக் கடையில் காணும் விலையை அப்படியே ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடக் கூடாது என்பதற்கு இது முதன்மைக் காரணம். மேலும், தனியாக அனுப்பப்படும் லித்தியம் அயனி மின்கலங்கள் 2016 முதல் பயணிகள் விமானங்களில் சரக்காக ஏற்கப்படுவதில்லை. எனவே மின்கலத்தை உள்நாட்டில் வாங்குவதே எளிது.

வாங்கும் முன் ஒரு சோதனை செய்யலாம். வண்டியின் பெயருடன் சர்வோ, பற்சக்கரம், அச்சு ஆகிய மூன்றும் இந்தியக் கடைகளில் இருப்பில் உள்ளனவா என்று தேட வேண்டும். மூன்றும் கிடைத்தால் அது பொழுதுபோக்கு வண்டி. கிடைக்காவிட்டால், பெட்டியில் என்ன எழுதியிருந்தாலும், அது விலை கூடிய பொம்மை.

பழைய வண்டியை வாங்குவதும் நல்ல வழி. சக்கரத்தைக் கையால் ஆட்டித் தளர்வு பார்க்க வேண்டும். வண்டியைத் தூக்கிப் பிடித்து மெதுவாக ஓடவிட்டுப் பற்சக்கரச் சத்தம் கேட்க வேண்டும். திருப்பம் நடுவுக்குச் சரியாகத் திரும்புகிறதா என்று பார்க்க வேண்டும். பழைய லித்தியம் மின்கலத்துக்கு மட்டும் விலை கொடுக்கத் தேவையில்லை.

ஓட்டக் கூடாத இடங்கள்

காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. சிறிய வண்டியை அந்தச் சாலையில் ஓட்டிப் படம் எடுக்க ஆசை வரலாம், அது கூடாது. மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் வரும் பேருந்து ஒரு நொடியில் 8 மீட்டருக்கு மேல் கடந்துவிடும். வளைவுக்கு அப்பால் குனிந்து வண்டியை எடுப்பவர் ஓட்டுநர் கண்ணுக்குப் படமாட்டார். அவரைத் தவிர்க்கத் திருப்பினால் பேருந்துக்கு மறுபக்கம் பள்ளம். அதுபோலக் காப்புக்காட்டுக்குள் வனத்துறை அனுமதியின்றிச் செல்லக் கூடாது. விளைந்த வயலிலும் கோயில் படிகளிலும் ஓட்டுவது முறையல்ல. சொந்த நிலம், உரியவர் அனுமதி தந்த தரிசு, நீர் வற்றிய ஓடை ஓரம் ஆகியவை போதுமான களங்கள்.

கற்றலில் பயன்

சர்வோவுக்குச் செல்லும் கட்டளை, நொடிக்குச் சுமார் 50 முறை வரும் மின் துடிப்பு ஆகும். துடிப்பின் நீளம் 1.5 மில்லி நொடி எனில் சக்கரம் நேராக நிற்கும். 1 அல்லது 2 மில்லி நொடி எனில் ஒரு பக்கம் முழுதாகத் திரும்பும். அர்டுயினோ போன்ற பலகையால் இத்துடிப்பை உருவாக்கலாம் என்பதால், வண்டி பழசான பின்னும் அதன் சர்வோ, மோட்டார், கட்டுப்படுத்தி ஆகியவை பள்ளி அறிவியல் கண்காட்சிக்குப் பயன்படும்.