பிரெஞ்சு படிக்கப் போன அப்பா

பாடசாலையிலிருந்து வந்த கடிதத்தை ஏழு வயது மகள்தான் எனக்கு வாசித்துக் காட்டினாள். "இதிலை கையெழுத்துப் போடுங்கோ அப்பா" என்றாள். அவள் சொன்னதை நம்பிப் போட்டேன். அன்று வெட்கம் பிடித்துவிட்டது.

மொன்றியலுக்கு வந்த எம்மவர் பலர், கொஞ்சம் ஆங்கிலம் போதும் என்று இருந்துவிடுகிறோம். தையல் பக்ரறியில் என் பக்கத்து மெசினில் இருக்கும் இத்தாலிய அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவ சிரித்தா. சென் லெயொனாரில் 1968, 69இல், பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும் என்று இத்தாலியப் பெற்றோர் போராடினார்கள். அவவின் தகப்பனும் அதில் நின்றவராம். 1977இல் 101ஆம் இலக்கச் சட்டம் வந்தது. அதன்பின் குடிவந்தோரின் பிள்ளைகள் பெரும்பாலும் பிரெஞ்சுப் பாடசாலைக்குத்தான்.

சாப்பாட்டு நேரத்தில் அவதான் எனக்கு வாத்தியார். 'ஃபீல்' என்றால் நூல், 'ஃபீய்' என்றால் மகள். ஒருநாள் நூல் அறுந்ததைச் சொல்லப்போய், என் மகள் உடைந்துவிட்டாள் என்று சுப்பவைசரிடம் சொல்லிவிட்டேன். மனிசன் பதறிப்போனார்!

2023 யூனில் தொடங்கிய 'பிரான்சிசேசன் கெபெக்' மூலம் இலவச வகுப்புக்குப் பதியலாம். 2024இல் பணம் போதாமல் பல வகுப்புகள் நின்றன. ஆகவே நேரத்தோடு பெயரைக் கொடுத்து வையுங்கள்.

போன மாதம் பெற்றோர் கூட்டத்துக்கு மகளைக் கூட்டிப்போகாமல் நானே போனேன். ரீச்சர் சொன்னதில் பாதிதான் விளங்கியது. மீதியைப் பக்கத்திலிருந்த ஹெயிட்டித் தகப்பன் ஆறுதலாகத் திருப்பிச் சொன்னார். அவரின் மகனும் என் மகளும் ஒரே வகுப்பு. வருகிற சனிக்கிழமை ஜோன் ரலோன் சந்தைக்கு இரண்டு குடும்பமும் சேர்ந்து போகிறோம்.