திருச்சிலுவையின் அன்பர்கள்



ஒரு பெண் மணம் முடிக்காமல், பிறருக்குத் தொண்டு செய்தே வாழ விரும்பினால் ஊர் என்ன சொல்லும்? இன்றும் பல வீடுகளில் எழும் கேள்வி இது. முந்நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பு வியட்நாமில் இதற்கு விடை சொல்வது இன்னும் கடினமாக இருந்தது. பெண்ணானவள் பிறந்த வீட்டில் தந்தைக்கும், புகுந்த வீட்டில் கணவனுக்கும், அவன் மறைந்தபின் மகனுக்கும் அடங்கி நடக்க வேண்டும் என்பது அங்கே வேரூன்றியிருந்த கன்பூசிய நெறி. அந்த மண்ணில் எளிய பெண்கள் அமைத்த ஒரு துறவறச் சபையின் கதையை இன்று நாம் அறிந்து கொள்வோம்.

வியட்நாம் அப்போது இரண்டாகப் பிரிந்திருந்தது. வடக்கை டோங்கிங் என்றும், தெற்கைக் கொச்சின்சீனா என்றும் ஐரோப்பியர் அழைத்தனர். பிரான்சு நாட்டில் 1624-இல் பிறந்து, முதலில் வழக்கறிஞராக இருந்து, பின்னர் கத்தோலிக்க ஆயரானவர் லாம்பேர் தெ லா மோத். அவர் டோங்கிங் சென்றபோது, கிறிஸ்தவப் பெண்கள் சிலர் ஏற்கெனவே ஒன்றுகூடி, செபமும் தொண்டுமாக வாழ்ந்து வந்ததைக் கண்டார். அவர்களுக்கென ஓர் ஒழுங்கை எழுதிக் கொடுத்தார். 1670 பிப்ரவரி 19, விபூதிப் புதனன்று, ஆக்னஸ், பவுலா என்னும் இருவர் முதன்முதலாக வார்த்தைப்பாடு கொடுத்தனர். சபைக்குத் ‘திருச்சிலுவையின் அன்பர்கள்’ என்று பெயர். மறு ஆண்டில் கொச்சின்சீனாவிலும், அதன்பின் சையாமிலும் அது வேர்விட்டது.

அவர்களுடைய பணிகள் யாவை? செபமும் தவமும் முதலாவது. சிறுமியருக்குக் கற்பித்தல், நோயுற்ற பெண்களைப் பேணுதல், தவறான வாழ்வில் சிக்கிய பெண்களை மீட்டல், சாகும் நிலையிலுள்ள குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்தல் ஆகியவை மற்றவை. சோற்றுக்கு அவர்கள் பிறர் கையை எதிர்பார்க்கவில்லை. வயலில் உழைத்தார்கள், துணி நெய்தார்கள், மருந்து செய்து ஊர் ஊராக விற்றார்கள்.

இந்த எளிமையே பின்னர் அவர்களுக்குக் கவசமாயிற்று. 1833-இல் மன்னர் மின் மாங் கிறிஸ்தவ சமயத்தைத் தடை செய்தார். குருக்கள் சிறைப்பட்டனர், பலர் கொல்லப்பட்டனர். நம் பினாங்கில், புலாவ் திக்குஸ் குருமடத்தில் பயின்று திரும்பிய வியட்நாமியக் குருக்களும் அவர்களுள் இருந்தனர். அந்நாளில் இக்கன்னியர் ஊர்ப் பெண்களைப் போலவே உடுத்தி, மருந்துக் கூடையுடன் நடந்தார்கள். கடிதங்களைக் கொண்டு சேர்த்தார்கள். சிறைக்குள் உணவும் நற்கருணையும் கொண்டு சென்றார்கள். பிடிபட்டால் அடியும் சிறையும் உண்டு என்பதை அறிந்தே சென்றார்கள்.

1988-இல் வியட்நாம் வேதசாட்சிகள் 117 பேருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அவர்களுள் பெண் ஒருவரே. அவரும் கன்னியரல்லர், ஆறு பிள்ளைகளின் தாய். கூடை சுமந்து நடந்த கன்னியருள் பெரும்பாலோரின் பெயரை இன்று எவரும் அறியார். ஆனால் அவர்கள் நடந்திராவிட்டால், சிறையிலிருந்தவர்களுக்கு வெளியுலகத் தொடர்பே அற்றுப் போயிருக்கும்.

1862-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் கிறிஸ்தவர்களுக்கு வழிபாட்டு உரிமை கிடைத்தது. இருபதாம் நூற்றாண்டில் திருச்சபைச் சட்டப்படி சபை திருத்தி அமைக்கப்பட்டது. 1954-இல் நாடு மீண்டும் பிரிந்தபோது, இலட்சக்கணக்கான கத்தோலிக்கரோடு பல மடங்களும் வடக்கிலிருந்து தெற்கே குடிபெயர்ந்தன. 1975-க்குப் பின் பள்ளிகள் அரசின் கைக்குச் சென்றன. கன்னியர் கலங்கி நிற்கவில்லை. மூத்தோர் செய்தது போலவே மீண்டும் மண்வெட்டியையும் தறியையும் கையிலெடுத்தனர். இன்று இதே பெயரில் இருபதுக்கும் மேற்பட்ட சபைகள் அங்கே இயங்குகின்றன. மழலையர் பள்ளி, நோயாளர் பராமரிப்பு, தொழுநோயாளர் தொண்டு எனப் பணி தொடர்கிறது.

நேயர்களே, இப்பெண்களிடம் செல்வமில்லை, பதவியில்லை. உழைக்கும் கைகளும், ஒருவரையொருவர் தாங்கும் ஒற்றுமையுமே இருந்தன. அவற்றைக் கொண்டே அவர்கள் அரசுகள் மாறியும் அழியாமல் நின்றார்கள். நம் வீட்டுப் பெண் பிள்ளை படிக்கவோ, பொதுத்தொண்டில் இறங்கவோ விரும்பினால், “உன்னால் என்ன ஆகும்?” என்று கேட்குமுன் இவர்களைச் சற்று நினைத்துப் பார்ப்போம்.