மெய் லீ பாடினாள்... அப்புறம்?

கப்பலில் ஒளிந்து சான் பிரான்சிஸ்கோ வந்து சேர்கிறார்கள் ஓர் அப்பாவும் மகளும். கையில் காசில்லை, முறையான ஆவணமும் இல்லை. இருப்பதெல்லாம் ஒரு சின்ன மேளமும் மகளின் குரலும்தான். சைனாடவுன் சதுக்கத்தில் நின்று மெய் லீ பாடத் தொடங்க, கூட்டம் கூடுகிறது. 1961ல் வெளிவந்த ‘ஃப்ளவர் டிரம் சாங்’ படத்தின் தொடக்கம் இது. பிழைப்புத் தேடி எல்லை தாண்டுகிறவர்களைப் பற்றி உலகமே வாதாடிக்கொண்டிருக்கும் இந்தச் சமயத்தில், இன்னொரு முறை பார்க்கத் தோதான படம்.

மெய் லீ வந்தது கல்யாணத்துக்காக. மாப்பிள்ளையாகப் பேசி வைத்திருந்த சேமி ஃபாங், இரவு விடுதி முதலாளி. அவன் மனமோ தன் விடுதியில் ஆடும் லிண்டா லோவிடம் இருக்கிறது. பெண்ணையும் அப்பாவையும் வாங் குடும்பத்தின் தலையில் கட்டிவிடப் பார்க்கிறான். அந்த வீட்டின் மூத்த மகன் டாவிடம் மெய் லீ மனதைப் பறிகொடுக்கிறாள். டாவோ லிண்டாவின் பின்னால் அலைகிறான். பாட்டுக்கும் கூத்துக்கும் இது போதாதா?

சி.ஒய்.லீயின் நாவல் 1957ல் வந்தது. ‘சவுண்ட் ஆஃப் மியூசிக்’ இரட்டையர்கள் ரோஜர்ஸும் ஹாமர்ஸ்டைனும் மறு ஆண்டே அதை பிராட்வே மேடையில் ஏற்றினார்கள். இயக்கியவர் ஜீன் கெல்லி. 600 காட்சிகள் ஓடிய பிறகு, ஹென்றி கோஸ்டர் இயக்கத்தில் யுனிவர்சல் நிறுவனம் அதைப் படமாக்கியது.

அதுவரை ஹாலிவுட்டில் முக்கிய வேடத்தில் சீனர் என்றால், பெரும்பாலும் முகத்தில் சாயம் பூசிய வெள்ளைக்காரர்தான். ‘தி குட் எர்த்’ படத்தில் சீனக் குடியானவப் பெண்ணாக நடித்து ஆஸ்கர் வாங்கியவர் ஜெர்மனியில் பிறந்த லூயிஸ் ரெய்னர். அந்த வேடத்துக்கு ஆசைப்பட்ட சீன அமெரிக்க நடிகை அன்னா மே வாங்குக்கு அது கிடைக்கவில்லை. ‘ஃப்ளவர் டிரம் சாங்’கில்தான் நாயகன், நாயகி, காமெடியன், அப்பா, தம்பி என்று ஏறக்குறைய எல்லோருமே ஆசிய வம்சாவளி. இதிலும் அன்னா மே வாங்குக்கு ஒரு வேடம் பேசியிருந்தார்கள். 1961 பிப்ரவரியில் அவர் இறந்துபோனார். மேடையில் அந்த வேடத்தைச் செய்த கறுப்பின நடிகை ஹுவானிட்டா ஹால்தான் படத்திலும் நடித்தார்.

மெய் லீயாக நடித்த மியோஷி உமெகியின் வாழ்க்கையும் மெய் லீயின் கதைக்குப் பக்கத்தில் வருகிறது. ஜப்பானின் ஹொக்கைடோ தீவில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிந்து ஜப்பானில் முகாமிட்டிருந்த அமெரிக்கப் படையினரின் இசைக்குழுக்களோடு பாடிப் பாடியே ஜாஸ் கற்றவர். 1955ல் அமெரிக்கா வந்தார், டி.வி.யில் பாடினார். ‘சயோனாரா’ படத்தில் நடித்துத் துணை நடிகைக்கான ஆஸ்கரை வென்றார். நடிப்புக்காக ஆஸ்கர் வாங்கிய முதல் ஆசியப் பெண் அவர்தான்.

படத்தின் உச்சக் காட்சி கல்யாண மேடை. சேமி ஃபாங்குடன் மெய் லீக்கு மணம் நடக்கப்போகிறது. முந்தைய இரவு டி.வி.யில் பார்த்த ஒரு பழைய படத்தில், மெக்சிகோ எல்லையில் ஆற்றைக் கடந்து திருட்டுத்தனமாக வந்த பெண்ணொருத்தி தன் முதுகு ஈரம் என்கிறாள். அதே வார்த்தையை மெய் லீ மேடையில் எடுத்துவிடுகிறாள். சட்டவிரோதமாக வந்தவளோடு போட்ட ஒப்பந்தம் செல்லாது! கல்யாணம் நிற்கிறது; ஜோடி மாறுகிறது. அரங்கம் சிரித்திருக்கும். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்த சட்டம் சிரிப்பானதல்ல. 1882ல் சீனத் தொழிலாளர்கள் நுழையத் தடை போட்ட நாடு, 1943ல் அதை நீக்கியபோது சீனர்களுக்கு ஒதுக்கிய இடம் ஆண்டுக்கு 105.

அறிஞர்கள் சிலருக்கு இந்தப் படம் பிடிக்காது. அடக்கமான கிழக்கத்தியப் பெண், மயக்கும் ஆட்டக்காரி என்று பழைய அச்சிலேயே வார்த்த பாத்திரங்கள் என்பார்கள். சீனர்களாக நடித்தவர்களில் பலர் ஜப்பானிய வம்சாவளி என்றும் சுட்டுவார்கள். இருக்கட்டும். அந்த நடிகர்களுக்கு அடுத்து என்ன கிடைத்தது என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

சேமி ஃபாங்காக வந்து வெளுத்துவாங்கிய ஜாக் சூவின் இயற்பெயர் கோரோ சுசுகி. போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர் என்பதற்காக யூட்டா மாநிலத்தின் டோபாஸ் முகாமில் அடைக்கப்பட்டவர். பின்னர் சீனப் பெயரில் மேடையேறினார். சினிமா அவரைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. ‘பார்னி மில்லர்’ டி.வி. தொடர்தான் கடைசியில் கைகொடுத்தது. பாட்டும் அழகும் நிறைந்த நாயகன் ஜேம்ஸ் ஷிகெட்டாவைப் பிற்காலத்து ரசிகர்கள் பார்த்தது ‘டை ஹார்ட்’டில் சுட்டுக் கொல்லப்படும் நிறுவனத் தலைவராக. ஆஸ்கர் வாங்கிய உமெகிக்கு வந்து சேர்ந்தது டி.வி. தொடரில் வீட்டு வேலைக்காரி வேடம். அந்தத் தொடர் 1972ல் முடிய, நடிப்பையே விட்டு விலகினார்.

குரல் விஷயத்திலும் இதே கதைதான். லிண்டாவாக வந்த நான்சி குவான் கண்ணாடி முன் நின்று தன் பிம்பங்களோடு ஆடிப் பாடும் காட்சி இன்றும் கண்ணைப் பறிக்கும். குரல் பி.ஜே. பேக்கருடையது. இன்னொரு நடிகை ரெய்கோ சாட்டோவுக்குப் பின்னணி பாடியவர், பிற்பாடு ஓபரா உலகை ஆண்ட மெரிலின் ஹார்ன். நம்மூரில் பின்னணிப் பாடகரின் பெயரைச் சொல்லியே பாட்டு விற்கும். அந்நாள் ஹாலிவுட்டில் பின்னணிக் குரல் பெரும்பாலும் திரைக்குப் பின்னாலேயே இருந்துவிடும். உமெகியோ தன் பாட்டைத் தானே பாடினார்.

அந்த ஆண்டு ஆஸ்கருக்கு ஐந்து பிரிவுகளில் போட்டியிட்ட படம் ஒன்றைக்கூட வெல்லவில்லை. ஐந்தையும் தட்டிச் சென்றது ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’. அதுவும் குடியேறி வந்தவர்களின் கதைதான். போர்ட்டோ ரிக்கோ பெண்ணாக நடித்தவர் நடாலி வுட்; அவருக்காகப் பாடியவர் மார்னி நிக்சன். இருவருமே போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் இல்லை.

ஆசிய அமெரிக்கர்களை மையமாக வைத்த அடுத்த பெரிய ஹாலிவுட் படம் ‘தி ஜாய் லக் கிளப்’. வந்தது 1993ல். அதற்கடுத்து ‘கிரேஸி ரிச் ஏஷியன்ஸ்’ வர 2018 ஆனது. உமெகிக்குப் பிறகு துணை நடிகை ஆஸ்கரை இன்னோர் ஆசியப் பெண் கையில் வாங்க 63 ஆண்டுகள் பிடித்தன: 2021ல் கொரிய நடிகை யுன் யோ ஜாங். அதைப் பார்க்க உமெகி இல்லை, 2007லேயே மறைந்துவிட்டார்.

அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2008ல் ‘ஃப்ளவர் டிரம் சாங்’கைப் பாதுகாக்க வேண்டிய படங்களின் பட்டியலில் சேர்த்தது. படச்சுருளைக் காப்பாற்றியதில் காட்டிய அக்கறையில் பாதியை, அதில் நடித்தவர்களுக்கு அடுத்த வேடம் தருவதில் ஹாலிவுட் காட்டவில்லை.