காய்ச்சல் விட்ட பிறகுதான் உஷார்! நர்சிங் மாணவிகள் மறுபடி படிக்க வேண்டிய பாடம் எது?

ஒரு கேள்வி. வயது 19, விசைத்தறி வேலைக்குப் போகும் இளைஞர். டெங்கு. காய்ச்சல் தொடங்கி இன்று ஐந்தாம் நாள். காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. உடல் வெப்பம் 37 டிகிரி செல்சியஸ். “பையனுக்குத் தேவலைங்க. எப்போ வீட்டுக்கு விடுவீங்க சிஸ்டர்?” என்று அம்மா கேட்கிறார். மதியம் 2 மணிக்கு மாணவி எழுதும் குறிப்பு இது: பி.பி 100/82, பல்ஸ் 118, மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்ஸிஜன் 98 சதவிகிதம். கையும் காலும் சில்லென்று இருக்கின்றன. வயிறு வலிக்கிறது என்கிறார். காலையிலிருந்து சிறுநீர் போகவில்லை. காலை 6 மணி குறிப்பில் பி.பி 110/70 என்று இருக்கிறது. மாணவி இப்போது என்ன செய்ய வேண்டும்?

இது மாதிரிக் கேள்விதான். ஆனால், ஜலகண்டாபுரம், மேட்டூர், எடப்பாடி, தாரமங்கலம் பக்கமிருந்து சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நர்சிங் படிக்கப் போகும் பிள்ளைகள், முதல் மழைக்காலத்திலேயே இதுபோன்ற ஒரு கட்டிலின் முன்னால் நிற்க வேண்டி வரலாம்.

டெங்குவைப் பரப்பும் கொசுவின் பெயர் எல்லா மாணவிகளுக்கும் தெரியும். தட்டணுக்கள் குறையும் என்பது நோயாளியின் உறவினர்களுக்கே தெரியும். ‘பிளேட்லெட் எவ்வளவு?’ என்று கேட்காத வீடில்லை. பப்பாளி இலைச் சாறோடு வாசலில் ஒருவர் நிற்பார். ஆனால், டெங்குவில் உயிரைப் பறிக்கும் முக்கிய விஷயம் வேறு. ரத்தக் குழாய்களின் சுவர் வழியாக ரத்தத்தின் நீர்ப்பகுதி வெளியே கசிகிறது. இது நடப்பது பெரும்பாலும் மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில், அதுவும் காய்ச்சல் இறங்கும் நேரத்தில். வீட்டில் எல்லோரும் நிம்மதிப் பெருமூச்சு விடும் நேரமும் அதுதான்.

அந்த பி.பி-யை இன்னொரு முறை பாருங்கள். 100/82. மேலே இருக்கும் 100 அவ்வளவாகப் பயமுறுத்தாது. ஒல்லியான பையன், ‘நார்மல்தான்’ என்று எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடலாம். இரண்டு எண்களையும் கழித்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். காலையில் இடைவெளி 40. மதியம் 18. டெங்குவில் இந்த இடைவெளி, அதாவது பல்ஸ் பிரஷர், 20 அல்லது அதற்குக் கீழே வந்தால் அதிர்ச்சி நிலை தொடங்கிவிட்டது என்று பொருள். கசிந்த நீரை ஈடுகட்ட உடல் ரத்தக் குழாய்களை இறுக்கிப் பிடிக்கிறது. அதனால்தான் கீழ் அளவு ஏறுகிறது, கை கால் சில்லிடுகிறது, இதயம் வேகமாக ஓடுகிறது. மேல் அளவு விழும் வரை காத்திருந்தால் நேரம் கடந்துவிடும்.

ஆகவே விடை: அடுத்த கட்டிலுக்குப் போகக் கூடாது. உடனே டியூட்டி நர்ஸிடமும் டாக்டரிடமும் சொல்ல வேண்டும். இதில் மாணவிக்குத் தெரியாத பாடம் எதுவும் இல்லை. பி.பி முதல் வருடப் பாடம், அதிர்ச்சி நிலை அடுத்த பாடம், டெங்கு இன்னொரு பாடம். மூன்றும் மூன்று நோட்டுகளில் இருக்கின்றன. ஒரே நிமிடத்தில் மூன்றையும் ஒரு நோயாளியின் மேல் பொருத்திப் பார்ப்பதைத்தான் மருத்துவ உலகம் ‘கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்’ என்கிறது. தறி ஓட்டுகிறவருக்கு இழை அறுந்தால் சத்தத்திலேயே தெரிந்துவிடும் அல்லவா, ஏறக்குறைய அதுமாதிரி.

எல்லோருக்கும் 20 தானா?

பல்ஸ், பி.பி, வெப்பநிலை, ஆக்ஸிஜன் எல்லாவற்றுக்கும் இப்போது மெஷின் வந்துவிட்டது. சாதாரண வார்டில் மூச்சை மட்டும் இன்னமும் கண்ணால் பார்த்துத்தான் எண்ண வேண்டும். அதனாலேயே அதிகம் ஏமாற்றப்படும் அளவும் அதுதான். வரிசையாக எல்லா நோயாளிக்கும் 18 அல்லது 20 என்று எழுதப்பட்ட சார்ட்டுகள் உலகம் முழுக்க உண்டு. இது நம் ஊர் பழக்கம் மட்டுமல்ல.

அதில் என்ன போய்விடும்? பிரிட்டனில் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் ‘நியூஸ்’ என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து, 2017-ல் திருத்தியது. மூச்சு, ஆக்ஸிஜன், பி.பி-யின் மேல் அளவு, பல்ஸ், நினைவு நிலை, வெப்பநிலை ஆகிய ஆறுக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்ட வேண்டும். கர்ப்பிணிகளுக்கும் 16 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கும் இது பொருந்தாது. கூட்டுத்தொகை 5 அல்லது 6 என்றால் உடனடியாக மருத்துவர் பார்க்க வேண்டும். 7 அல்லது அதற்கு மேல் என்றால் அவசரநிலை.

நம் 19 வயது இளைஞருக்குப் போட்டுப் பார்க்கலாம். மூச்சு 22-க்கு 2, பல்ஸ் 118-க்கு 2, மேல் அளவு 100-க்கு 2. மற்ற மூன்றும் பூஜ்யம். மொத்தம் 6. டாக்டரைக் கூப்பிட்டாக வேண்டும். இப்போது மூச்சை எண்ணாமல் பழக்கதோஷத்தில் 20 என்று எழுதியிருந்தால்? மூச்சுக்கு பூஜ்யம், மொத்தம் 4. யாரையும் அவசரமாகக் கூப்பிட வேண்டியதில்லை என்று அதே தாள் சொல்லும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த முறை பி.பி-யின் கீழ் அளவைக் கணக்கில் எடுப்பதே இல்லை. 82 என்ற எண் அதன் கண்ணில் படாது. மதிப்பெண் தாள் உதவிக்குத்தான். பார்க்க வேண்டியது மாணவிதான்.

“ஒரு மாதிரியா இருக்குதுங்க...”

பாடப் புத்தகம் ஆங்கிலத்தில். வகுப்பு ஆங்கிலத்தில். தேர்வும் ஆங்கிலத்தில். பிளஸ் டூ வரை தமிழ் வழியில் படித்துவிட்டு வரும் மாணவி, முதல் ஆறு மாதம் சொற்களோடு மல்லுக்கட்டுவதிலேயே களைத்துப் போகிறாள். புரியாததை மனப்பாடம் செய்கிறாள். பாஸும் ஆகிவிடுகிறாள்.

ஆனால் வார்டில் நோயாளி புத்தக மொழியில் பேசுவதில்லை. “நெஞ்சு கரிக்குதுங்க”, “கிறுகிறுன்னு வருது”, “கண்ணு மசமசங்குது”, “ஒரு மாதிரியா இருக்குதுங்க சிஸ்டர்” என்றுதான் வரும். இருபது வருடமாகச் சர்க்கரை இருக்கும் 60 வயது அம்மா “நெஞ்சு கரிக்குது, வேர்த்து ஊத்துது” என்றால் கேஸ் டிரபிள் மாத்திரைக்குப் போகக் கூடாது. சர்க்கரை நோயாளிகளுக்கும் வயதான பெண்களுக்கும் மாரடைப்பு, ‘நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்வது’ என்ற சினிமா வடிவத்தில் வராமலே போகலாம். 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி எடுக்க வேண்டும் என்பது விதி. அதே அம்மா வேர்த்துப்போய், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால் குளுக்கோமீட்டரையும் கையில் எடுக்க வேண்டும்; சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கியிருக்கலாம்.

இந்த இடத்தில் தமிழ் வழி மாணவி பின்தங்கியவள் அல்ல. நோயாளியின் ‘ஒரு மாதிரி’ என்ன மாதிரி என்று பாட்டியிடம் கேட்பது போல அவளால் கேட்க முடியும். புத்தகத்தில் ஒவ்வொரு நோய்க்கும் எழுதியிருக்கும் அறிகுறிக்குப் பக்கத்தில், அதை நம் ஊரில் எப்படிச் சொல்வார்கள் என்று பென்சிலில் எழுதி வைத்துப் படித்தால், படித்தது வார்டில் நினைவுக்கு வரும்.

தேர்வே மாறிவிட்டது

அமெரிக்காவில் நர்ஸாக வேலை பார்க்க எழுத வேண்டிய ‘என்கிளெக்ஸ்’ தேர்வு, 2023 ஏப்ரல் 1 முதல் புதிய வடிவத்துக்கு வந்தது. ஒரு நோயாளியின் கதையைக் கொடுத்து, அதிலிருந்தே ஆறு கேள்விகள் கேட்கிறார்கள். எந்தக் குறிப்பு முக்கியம், அதற்கு என்ன பொருள், எதற்கு முன்னுரிமை, என்னென்ன செய்யலாம், எதைச் செய்வாய், செய்தது பலித்ததா என்று எப்படிப் பார்ப்பாய்? மேலே இருக்கும் டெங்கு இளைஞரின் கதையை இந்த ஆறிலும் பொருத்திப் பாருங்கள், அப்படியே உட்காரும்.

அமெரிக்கா போகிறவர்களுக்கு மட்டுமான விஷயமில்லை இது. தமிழக அரசின் எம்.ஆர்.பி தேர்வுக்கும், எய்ம்ஸின் ‘நார்செட்’ தேர்வுக்கும் கைடு வாங்கி ஆயிரக்கணக்கில் கேள்வி பதில் உருப்போடுகிறவர்கள், விடையைப் பார்த்த பிறகு மற்ற மூன்று விடைகளும் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதிப் பழகினால் பாதி வேலை முடிந்தது. அமெரிக்க நர்சிங் பேராசிரியர் கிறிஸ்டின் டேனர் 2006-ல் சொன்ன நான்கு படிகளும் இதற்கு உதவும்: கவனி, பொருள் கொள், செயல்படு, பிறகு யோசித்துப் பார். கடைசிப் படியைத்தான் டியூட்டி முடிந்த அவசரத்தில் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். ஹாஸ்டலுக்குத் திரும்பும் பஸ்ஸில் நான்கு வரி எழுத முடியாதா என்ன?

கண் ஏமாற்றும் இடங்கள்

பிரசவ வார்டுக்கு வருவோம். சுகப்பிரசவத்தில் 500 மில்லிக்கு மேல் ரத்தம் போனால் அது அதிக ரத்தப்போக்கு. இது எல்லா மாணவிக்கும் தெரியும். 500 மில்லி ரத்தம் துணியிலும் பாயிலும் பரவிக் கிடக்கும்போது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது. அனுபவம் உள்ளவர்களும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள். கென்யா, நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, தான்சானியா ஆகிய நான்கு நாடுகளில் 2 லட்சத்து 10 ஆயிரம் பிரசவங்களைக் கொண்டு நடந்த ‘ஈ-மோட்டிவ்’ ஆய்வு 2023-ல் வெளியானது. தாயின் கீழே அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு ரத்தத்தை அளந்தார்கள்; அளவு தாண்டியதும் கர்ப்பப்பையைத் தடவிவிடுவது முதல் மருந்து, டிரிப்ஸ் வரை எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கினார்கள். வழக்கமான முறையில் 51 சதவிகித ரத்தப்போக்குகள்தான் கண்டுபிடிக்கப்பட்டன. இந்த முறையில் 93 சதவிகிதம். கடுமையான ரத்தப்போக்கு போன்ற மோசமான விளைவுகள் 4.3 சதவிகிதத்திலிருந்து 1.6 சதவிகிதமாகக் குறைந்தன. புது மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை. அளந்தார்கள், அவ்வளவுதான்.

பாம்புக்கடி இந்தப் பக்கத்து வயல்காடுகளுக்குப் புதிதல்ல. விரியன் விஷம் ரத்தத்தை உறையவிடாமல் செய்யும். அதைக் கண்டுபிடிக்க 20 நிமிட ரத்த உறைவுச் சோதனை இருக்கிறது. புதிய, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் 2 மில்லி ரத்தத்தை எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பிறகு ஒரே ஒரு முறை சாய்த்துப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் குழாயில் எடுத்தாலோ, சோப்பு போட்டுக் கழுவிய குழாயில் எடுத்தாலோ நல்ல ரத்தமும் உறையாமல் போகலாம். தேவையில்லாமல் விஷமுறிவு மருந்து ஏறும். அந்த மருந்தே கடும் ஒவ்வாமையைக் கிளப்பக்கூடியது.

ரத்தம் ஒழுங்காக உறைந்துவிட்டால்? நிம்மதி அடையக் கூடாது. கட்டுவிரியன் கடித்தால் ரத்தம் உறையும். அதன் விஷம் நரம்பைத் தாக்கும். பல நேரங்களில் கடிவாயில் வலியோ வீக்கமோ இருக்காது. தரையில் படுத்துத் தூங்கியவர் விடியற்காலையில் வயிற்று வலி என்று வருவார். கண் இமை கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். பிறகு மூச்சுத் தசைகள் செயலிழக்கும். “ராத்திரி எங்கே படுத்தீங்க?” என்ற ஒரு கேள்வி இங்கே எந்த லேப் ரிப்போர்ட்டுக்கும் குறைந்ததல்ல.

போனில் என்ன சொல்வது?

கண்டுபிடித்தாகிவிட்டது. சொல்ல வேண்டும். பெரும்பாலான மாணவிகள் தடுமாறுவது இங்கேதான். சீனியர் அக்கா திட்டுவார், டாக்டர் எரிந்து விழுவார் என்ற பயம். “சார், அந்தப் பையன் கொஞ்சம் டல்லா இருக்கார்” என்று சொன்னால், மறுமுனையில் இருப்பவர் “சரி, பாக்கலாம்” என்றுதான் சொல்வார். அமெரிக்கக் கடற்படையில் தொடங்கி மருத்துவமனைகளுக்கு வந்த ‘எஸ்பார்’ முறை இதற்குக் கைகொடுக்கும். நிலவரம், பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை என்ற நான்கே பகுதி:

“சார், 12-ம் பெட் டெங்கு பேஷண்ட்டுக்கு இப்போ பி.பி 100/82, பல்ஸ் 118, கை கால் சில்லுனு இருக்கு. காய்ச்சல் அஞ்சாம் நாள், காலையிலதான் விட்டுச்சு. 6 மணிக்கு பி.பி 110/70. காலையிலருந்து யூரின் போகல, வயிறு வலிக்குதுங்கறார். ஷாக் ஆரம்பிக்குதோன்னு தோணுது சார். உடனே வந்து பாருங்க. ஹீமேட்டோக்ரிட்டுக்கு ரத்தம் எடுத்து வைக்கட்டுமா?”

சொல்லி முடிக்க அரை நிமிடம் போதும். ரூம்மேட்டை டாக்டராக வைத்துக்கொண்டு ஹாஸ்டலில் பத்து தடவை ஒத்திகை பார்த்தால், பதினோராவது தடவை நாக்கு குழறாது.

இதையெல்லாம் படிக்கும் பணியில் இருக்கும் நர்ஸ்கள் சிரிக்கக்கூடும். ‘ஒரு நைட் டியூட்டியில் எத்தனை பேரைத்தான் பார்ப்பது?’ நியாயமான கேள்வி. போதனா மருத்துவமனையில் 3 நோயாளிக்கு ஒரு நர்ஸ், பொது மருத்துவமனையில் 5 பேருக்கு ஒருவர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் அளவுகோல். எந்த வார்டிலாவது எண்ணிப் பார்த்தால் தூரம் தெரியும். லிண்டா ஐக்கன் தலைமையில் 9 ஐரோப்பிய நாடுகளில் நடந்து 2014-ல் ‘லான்செட்’ இதழில் வந்த ஆய்வு, ஒரு நர்ஸுக்கு ஒரு நோயாளி கூடினால், அறுவை சிகிச்சைக்கு வந்தவர்கள் 30 நாட்களுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவிகிதம் கூடுவதாகச் சொல்கிறது. மாணவியின் திறமையை மட்டும் தீட்டி இந்தப் பள்ளத்தை நிரப்பிவிட முடியாது. ஆள் எடுக்க வேண்டியது அரசும் நிர்வாகங்களும்தான்.

மாணவி தானாக மருந்து கொடுக்க முடியாது, டிரிப்ஸை மாற்ற முடியாது. ஆனால் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, பேச்சுக் கொடுக்காமல், ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ண அவளுக்கு யாருடைய உத்தரவும் தேவையில்லை. 30 கட்டில் இருக்கும் வார்டு என்றால் அரை மணி நேரம் ஆகும்.