அறிந்தவருக்கே வேலை செய்யும் அணு

எங்கும் ஒரே சூடாக இருக்கும் இடத்திலிருந்து, வேறெந்த மாற்றமும் இல்லாமல், வெப்பத்தை மட்டும் உறிஞ்சி வேலை வாங்கிக்கொண்டே இருக்க முடியாது. வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி இது. 1929இல் லியோ சிலார்ட் ஒரே ஓர் அணு அடைபட்ட பெட்டியைக் கற்பனை செய்து, அதன் நடுவே ஒரு தடுப்பைச் செருகினார். அணு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்தால் தடுப்பையே பிஸ்டனாக்கி, அணு அதைத் தள்ளும்படி விடலாம். அறை வெப்பநிலையில் சுமார் 2.9×10⁻²¹ ஜூல் வேலை கிடைக்கும். தெரியாவிட்டால், பிஸ்டன் தூக்க வேண்டிய எடைக்கல்லை எந்தப் பக்கம் கட்டுவது? பெட்டியும் அணுவும் மாறவில்லை, மாறியது அறிவு. அப்படியென்றால் வேலையின் அளவு பார்ப்பவரின் மனத்தைப் பொறுத்ததா என்று கேட்கலாம். மனத்தை அல்ல, பதிவைப் பொறுத்தது. அறிவு என்பது மூளையிலோ சில்லிலோ காகிதத்திலோ ஏதோ ஒரு பொருளில் எழுதப்பட்டுத்தான் இருக்க வேண்டும். அந்தப் பதிவை அழித்தால் குறைந்தது அதே அளவு ஆற்றல் வெப்பமாக வெளியேறும் என்று 1961இல் ரால்ஃப் லாண்டவர் காட்டினார். பிரான்சின் லியோன் நகர ஆய்வாளர்கள் லேசர் ஒளியில் சிறைப்பட்ட நுண்மணியைக் கொண்டு 2012இல் இதை அளந்தார்கள். எவ்வளவு மெதுவாக அழித்தாலும் வெப்பம் அந்த எல்லையை நெருங்கியதே தவிர, அதற்குக் கீழே இறங்கவில்லை. சிலார்டின் பெட்டியில் வந்த வரவு, பதிவை அழிக்கும்போது செலவாகிவிடுகிறது. விதி தப்பித்தது.

குவாண்டம் உலகில் இந்தக் கணக்கு இன்னும் விசித்திரமாகிறது. அன்றாட உலகில் ஒன்றைப் பற்றி முழுமையாக அறிந்தால் ஐயம் பூஜ்யமாகும். அதற்குக் கீழே போக இடமில்லை. ஆனால் இரண்டு துகள்கள் குவாண்டம் பின்னலில் (entanglement) இணைந்திருந்தால், ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைப் பற்றிய ஐயத்தை அளக்கப் போடும் என்ட்ரோபிக் கணக்கு எதிர்மதிப்பாகவே வரும். அந்த எதிர்மதிப்புக்குப் பொருள் உண்டு என்று லிடியா டெல் ரியோவும் சக ஆய்வாளர்களும் 2011இல் கோட்பாட்டளவில் நிறுவினார்கள்: பின்னலின் துணையோடு ஒரு பிட்டை, அதாவது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது போன்ற ஒற்றைப் பதிவை, அழித்தால் செலவுக்குப் பதில் வேலை கிடைக்கும். இது நிரந்தர இயந்திரம் ஆகாது. அழித்து முடித்ததும் பின்னல் அறுந்துபோகிறது. மீண்டும் பின்ன, கிடைத்த வேலைக்குக் குறையாமல் செலவிட்டாக வேண்டும். பின்னல்தான் இங்கே எரிந்த விறகு.

அறை வெப்பநிலையில் ஒரு ஜூலுக்கே ஏறத்தாழ 3.5×10²⁰ பிட்டுகள் தேவைப்படும்போது இதனால் என்ன பயன் என்ற கேள்வி நியாயமானதே. மின்சாரம் தயாரிக்க இது உதவாது. ஆனால் குவாண்டம் கணினியின் பிட்டுகளான க்யூபிட்டுகள் பல, ஒரு கெல்வினில் நூறில் சில பங்கு குளிரில்தான் இயங்குகின்றன. ஒவ்வொரு கணக்கீட்டுக்கும் முன் அவற்றைத் துடைத்துத் தூய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். துடைப்பதற்கு இயற்கை கேட்கும் குறைந்தபட்ச விலை என்ன என்பது, அந்தக் குளிரைக் காக்கப் போராடும் பொறியாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய எண்.