துரத்தும் பிராணிகளும் தலைநகர வாழ்வும்

தென்னாட்டிலிருந்து உத்தியோக நிமித்தம் தில்லிக்கு வந்து குடியேறும் நம்மவர், இவ்வூரின் குளிரையும் அனற்காற்றையும் பற்றி முன்னரே கேள்வியுற்று, அவற்றிற்கு வேண்டிய ஆயத்தங்களுடன் வருகின்றனர். ஆனால் மனிதரைத் துரத்தும் பிராணிகளைப் பற்றி எவரும் சொல்லி அனுப்புவதில்லை. மொட்டை மாடியில் வடாம் உலர்த்தும் தாய்மாரும், இரவில் அலுவல் முடித்துச் சைக்கிளில் வீடு திரும்புவோரும் அந்தப் பாடத்தை அனுபவத்திலேயே கற்கின்றனர். இப்பிராணிகள் ஏன் துரத்துகின்றன? துரத்தினால் செய்யத்தக்கது யாது? கடித்துவிட்டால் செய்யவேண்டுவது யாது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காண்போம்.

முதலில் குரங்கு. நம் ஊர்க் கோயில்களில் நாம் கண்டு பழகியது நீண்ட வாலும், உச்சியில் வகிடெடுத்தாற்போன்ற மயிரும் உடைய நாட்டுக் குரங்கு. தில்லியில் வாழ்வது வேறோர் இனம். ரீசஸ் என்று விஞ்ஞானிகள் வழங்கும் இக்குரங்கிற்கு வால் குட்டை. முகமும் பின்புறமும் சிவந்திருக்கும். ஆரவல்லி மலைத்தொடரின் வால்போல் நகரத்தினுள் நீண்டு கிடக்கும் ரிட்ஜ் காட்டுப் பகுதி இதன் பழைய உறைவிடம். ரைசினாக் குன்றின் மீதுள்ள அரசாங்க மாளிகைகளிலும் இது நெடுங்காலமாக உலவி வருகிறது. இதனைச் சிறு தொல்லை என்று ஒதுக்குதல் இயலாது. 2007ஆம் ஆண்டு அக்டோபரில், தில்லி மாநகராட்சியின் துணை மேயராயிருந்த எஸ். எஸ். பஜ்வா, தம் இல்லத்து மாடியில் குரங்குகளை விரட்ட முயன்றபோது கீழே விழுந்து உயிர் நீத்தார்.

குரங்கு மனிதனைப் பகைவன் என்று கருதித் துரத்துவது அரிது. செவ்வாயும் சனியும் பக்தர்கள் வாழைப்பழமும் கொண்டைக்கடலையும் கொண்டுவந்து சாலையோரத்தில் வழங்குகின்றனர். நோக்கம் நல்லதே. ஆனால் மனிதன் கையில் உள்ள பொட்டலம் உணவே என்றும், மனிதனை நெருங்கினால் அது கிட்டும் என்றும் குரங்கு அதனாற் கற்றுக்கொள்கிறது. வழங்கும் கை எது, வழங்காத கை எது என்று அது பகுத்தறிவதில்லை. கொடாதவரிடமிருந்து பறிக்கத் துணிகிறது. கிடைத்ததைக் கன்னப்பையில் அடக்கிக்கொண்டு ஓடிவிடவும் அதற்கு இயற்கை வசதி செய்து கொடுத்துள்ளது.

அரசாங்கக் குடியிருப்பொன்றில் நான் கண்ட காட்சி இதற்குச் சான்று. பழப்பையுடன் வந்த ஒருவர் மதிற்சுவரின் மேலிருந்த குரங்கைக் கண்டதும் பையை மார்போடு அணைத்துக்கொண்டு ஓடினார். குரங்கு பாய்ந்து சென்று அவர் வேட்டியைப் பற்றியது. பை கீழே விழுந்த பின்னரே விட்டது. சிறிது நேரங்கழித்து ஒரு மூதாட்டி வெறுங்கையுடன், அதன் முகத்தை நோக்காமல், மெல்ல நடந்து சென்றார். குரங்கு அவரை ஏறிட்டும் பார்க்கவில்லை.

கண்ணொடு கண் உற்று நோக்குதல் குரங்கின் மொழியில் சண்டைக்கு அழைப்பதாகும். ஆகவே பார்வையைத் தாழ்த்திக்கொண்டு மெல்ல விலகுக. பொட்டலத்தைப் பற்றிவிட்டால் விட்டுவிடுக; பழத்தைவிட விரல்கள் அருமையானவை. தாய்க்கும் குட்டிக்கும் இடையே செல்லற்க.

நகரத்தார் இக்குரங்குகளை விரட்டப் பல வழிகளைக் கையாண்டனர். ரீசஸ் குரங்குகள் அஞ்சும் கருமுக மந்தியாகிய லங்கூரைக் கயிற்றிற் கட்டி அலுவலகங்களில் நிறுத்தினர். லங்கூர் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பிற்குட்பட்டதாதலின் அம்முறை பின்னர்க் கைவிடப்பட்டது. அதன்பின், லங்கூரைப்போல் குரலெழுப்ப வல்ல ஆட்கள் நியமிக்கப்பட்டமை 2014இல் பாராளுமன்றத்திலேயே தெரிவிக்கப்பட்டது. 2023இல் ஜி-20 மாநாட்டின்போது லங்கூர் உருவம் தீட்டிய அட்டைகள் சாலையோரங்களில் நிறுத்தப்பட்டன. உயர்நீதிமன்ற ஆணைப்படி, 2007 முதல் பிடிபட்ட குரங்குகள் நகரின் தென்கோடியிலுள்ள அசோலா பட்டி சரணாலயத்தில் விடப்பட்டு வந்தன. எனினும் தெருவில் உணவு கிட்டும்வரை குரங்கும் தெருவை நாடியே வரும்.

நாயின் செய்தி வேறு. அது உணவுக்காக அன்றித் தன் எல்லையைக் காக்கவே பெரும்பாலும் துரத்துகிறது. ஓடும் பொருளைத் துரத்துவது அதன் பிறவிக்குணமுமாகும். விரைந்து செல்லும் சைக்கிள் அக்குணத்தைத் தூண்டிவிடுகிறது. சைக்கிளினின்று இறங்கி, அதனை இடையே நிறுத்திக்கொண்டு, அசையாது நின்றால் பெரும்பாலான நாய்கள் குரைத்து ஓய்ந்துவிடும். தெருநாய்களைப் பற்றிய வழக்கில் 2025 ஆகஸ்டு 22ஆம் தேதி உச்சநீதிமன்றம் ஓர் ஆணை பிறப்பித்தது. நாய்களுக்குக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடவேண்டும், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடலாகாது, கண்ட இடத்தில் உணவிடாமல் அதற்கென ஒதுக்கிய இடங்களிலேயே இடவேண்டும் என்பன அதன் சாரம்.

இனி மிக முக்கியமானது: கடித்துவிட்டால் செய்யவேண்டுவது. வெறிநாய்க்கடி நோயின் கிருமி காயத்தினின்று நரம்பு வழியே மெல்ல மூளையை நோக்கிச் செல்கிறது. நோய்க்குறிகள் தோன்றிவிட்டால் பிழைத்தல் மிக மிக அரிது. ஆனால் அது மூளையை அடையுமுன் தடுத்துவிடலாம். காயத்தைச் சோப்பிட்டு, ஓடும் நீரில் பதினைந்து நிமிஷம் கழுவுக. மஞ்சள், மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு முதலியவற்றை அப்பற்க. அன்றைய தினமே மருத்துவமனைக்குச் செல்க. சப்தர்ஜங், ராம் மனோகர் லோகியா ஆகிய அரசாங்க மருத்துவமனைகளில் இதற்கெனத் தனிப் பிரிவுகள் உண்டு. ஆழ்ந்த காயமாயின் தடுப்பூசியோடு, காயத்திலேயே செலுத்தும் மருந்தொன்றும் வேண்டும். குரங்கு கடித்தாலும் கீறினாலும் இவ்வாறே மருத்துவரை நாடுக.

வயிற்றில் பதினான்கு ஊசி போடுவார்கள் என்னும் பழைய அச்சத்தால் சிலர் இன்னும் தயங்குகின்றனர். அப்பழைய மருந்து ஒழிந்து பல்லாண்டுகள் ஆயின. இக்காலத்தில் ஒரு மாதத்திற்குள் சில தவணைகளாகக் கையில் ஊசி போடுகின்றனர், அவ்வளவே. பாரிஸில் பாஸ்டர் முதன்முதலாக ஒரு சிறுவனுக்கு இத்தடுப்பு மருந்தைச் செலுத்தியது 1885இல். நம் நீலகிரியின் குன்னூரில் பாஸ்டர் நிலையம் தோன்றியது 1907இல். நூறாண்டிற்கு மேலாகக் கைக்கெட்டிய தூரத்தில் உள்ள மருந்தை நாடாமல் உயிரிழத்தல் கொடுமையன்றோ?

ஆதலின், பிள்ளைகளைத் தனியே பள்ளிக்கும் விளையாட்டிடத்திற்கும் அனுப்புமுன், ஓடாதே, உற்றுப் பாராதே, கடித்தாலும் கீறினாலும் வீட்டில் மறைக்காதே என்னும் மூன்றையும் அவர்களுக்குச் சொல்லி வையுங்கள். ஏச்சுக்கு அஞ்சிச் சிறுவர் மறைக்கும் சிறு கீறலே பெருந்தீங்காக முடிதல் கூடும்.