47 எஃப்/11: பான்ஷேத் ஏரிக்கு அடியில் இருந்தது என்ன?

புனேக்குத் தென்மேற்கே கிடக்கும் சஹ்யாத்ரி மலைப்பகுதிக்கு சர்வே ஆஃப் இந்தியா கொடுத்திருக்கும் விலாசம் 47 எஃப்/11. குறுக்கே கால் பாகை, நெடுக்கே கால் பாகை. ஏறக்குறைய 730 சதுர கிலோமீட்டர் ஒரே தாளில் அடங்கிவிடுகிறது. மலையேறுபவர்கள் ‘டோபோஷீட்’ என்பார்கள். தெற்கு ஓரத்தில் தோர்ணா கோட்டை. நடுவே பான்ஷேத், வரஸ்காவ் அணைகளின் நீலப் பரப்பு. அணைகளுக்கு முந்தைய, மைலுக்கு ஓர் அங்குல அளவுள்ள தாளில் அந்த நீலம் கிடையாது. அம்பி, மோசே ஆறுகள் மட்டும் ஓடும்.

பழைய தாளை வரைந்த சர்வேயர் முக்காலியில் பலகையை நிறுத்தி, உயரம் தெரிந்த சிகரங்களை நோக்கிக் கோடிழுத்துத் தன் இடத்தைப் பிடிப்பார். சரிவின் கோணத்தை அளந்து, சில புள்ளிகளுக்கு மட்டும் உயரம் கணக்கிடுவார். இடைப்பட்ட சமஉயரக் கோடுகளை மலையைப் பார்த்தபடியே வரைவார். ஆக, பாதி கணக்கு, பாதி கண்.

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்த எரிமலைக் குழம்பு உறைந்துதான் இந்த மலை. கெட்டியான அடுக்கு செங்குத்தாக நிற்கும், மென்மையானது கரைந்து படியாகும். தாளிலும் பழுப்புக் கோடுகள் ஓரிடத்தில் நெருக்கியடித்து, அடுத்து சட்டென்று விலகும். ஆனால் பழைய தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர்! ஆள் ஏறக்கூடிய இடுக்கு பாறையில் இருந்தாலும் கோட்டில் தெரியாது. தாளை மட்டும் நம்பி ஏறுவது முட்டாள்தனம்.

அணை கட்டிய பிறகு ஏரியில் வண்டல் எவ்வளவு சேர்ந்தது என்று கணக்கிடவும் பழைய தரையின் உயரம் வேண்டும். அடுத்தடுத்த இரு கோடுகள் ஒவ்வொன்றும் சூழும் பரப்புகளின் சராசரியை உயர வித்தியாசத்தால் பெருக்கினால் அவற்றுக்கு இடையிலான கொள்ளளவு. பழைய தாளின் கோடுகளோ 50 அடிக்கு ஒன்று. பொறியாளருக்கு அது போதாது, தனி அளவை வேண்டும்.

ஆனால் எது முழுகும் என்று பார்க்கப் பழைய தாளே போதும். அணையின் நீர்மட்டத்துக்குரிய கோட்டைப் பென்சிலால் சுற்றிவந்தால் ஏரிக்கரை கிடைத்துவிடும். உள்ளே அகப்பட்ட ஊர்ப்பெயர்களை வாசிக்கலாம். இப்படி நிலம் முழுகிய இன்னோர் இடமும் பக்கத்திலேயே உண்டு: வடக்கே அடுத்த தாளான 47 எஃப்/10-இல் முல்ஷி. டாடாவின் நீர்மின் அணைக்கு நிலம் பறிபோவதை எதிர்த்து அங்கே 1921-இல் விவசாயிகள் சத்தியாகிரகம் தொடங்கினார்கள்; சேனாபதி பாபட் அதன் தலைவர்களில் ஒருவர். 1924 வரை நீடித்த போராட்டத்துக்குப் பிறகும் அணை கட்டப்பட்டது.